ரெண்டாவது சுத்து

மீன் பிடிக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போன குடும்பம்னு யாராவது சிரிச்சா, அது எங்களைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு எடுத்துக்கலாம். வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம் நடந்தா மார்க்கெட். விதவிதமா மீன், வெட்டி, கழுவி, பையில போட்டே குடுத்துடுவாங்க. அதை விட்டுட்டு ரெண்டு ஏரோப்ளேன் மாறி, நாலு மணி நேரம் கார்ல போய், குளிர்ல பல்லு தந்தியடிக்க ஒரு ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, "அத்தை, சத்தம் போடாதீங்க, மீன் ஓடிடும்"னு மாப்பிள்ளை வாயால கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.

மாப்பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது. பொண்ணைக் கொடுத்த எடத்துல வாயை அடக்கித்தான் ஆகணும். திட்டணும்னு தோணுச்சுன்னா மகளைத் திட்டுவேன். அது பக்கத்துல நிக்கற மாப்பிள்ளை காதுல விழுந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க குடும்பம் இப்படித்தான் ஓடிட்டிருக்கு.

அவருக்கு ரெண்டு வருஷமா இந்தத் தூண்டில் பைத்தியம். லீவு விட்டா ஆறு, லீவு விடலைன்னா ஃபோன்ல ஆறு. இந்தத் தடவை ஒரு வாரம் வெளிநாட்டுல டிரவுட்டும் சால்மனும் பிடிக்கப் போறோம், அத்தையும் வரட்டும்னு சொல்லிட்டார். எதுக்குன்னு கேட்டேன். மகள் சொன்னா: "அம்மா, இருபத்திரண்டு வருஷமா பூச்சி கட்டற கம்பெனியில இருக்கே. அந்தப் பூச்சியை எந்த மீன் கடிக்குதுன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?"

அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அதனாலதான் போனேன்.

எங்க வேலையைக் கொஞ்சம் சொல்லிடறேன். புழுவைக் கொக்கியில குத்திப் பிடிக்கற மீன் இல்ல இது. இறகு, நூல், சரிகை எல்லாம் வெச்சு கொக்கி மேல பொய்ப் பூச்சி ஒண்ணு கட்டணும். அதை நிஜப் பூச்சின்னு நம்பி மீன் வந்து வாயைக் கொடுக்கும். எங்க கம்பெனியில நீளமா ஒரு மேஜை, முப்பத்திரண்டு நாற்காலி, எல்லாம் பொம்பளைங்க. ஒவ்வொருத்தி முன்னாடியும் கொக்கியைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன இடுக்கி. மேஜைத் தலைமாட்டுல நான். பதினாலு வருஷம் கட்டினேன், எட்டு வருஷமா செக்கர். என் கையில பூதக்கண்ணாடி. பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள சாம்பிள் பூச்சி, வெளிநாட்டுலேர்ந்து வந்தது. சாம்பிள்தான் எங்களுக்கு சாமி. சாம்பிள்ல இறகு மூணு இழைன்னா மூணு இழை. நாலாவது இழை இருந்தா தூக்கிக் கூடையில போடுவேன். முகம் பாக்க மாட்டேன். அப்படி ஒரு பேர் எனக்கு. அந்தப் பேர்ல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தத் திமிர்லதான் கூடப் பொறந்த தங்கச்சியை இழந்தேன்.

எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு தள்ளி இருக்கா. ஆறு வருஷமா என்கூடப் பேச்சு கிடையாது. கல்யாணம் காட்சின்னு எதிர்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிப்பா. என் மகள்கிட்ட மட்டும் பேசுவா. சித்தியும் பொண்ணும் ஃபோன்ல குசுகுசுன்னு பேசறது எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு. ஆத்தங்கரைக்குக் கெளம்பற வரைக்கும் என் நியாயம் ஒண்ணே ஒண்ணுதான்: தப்பு பண்ணினவளும் அவ, கோவிச்சுக்கறவளும் அவளா? நல்லாருக்கே கதை!

தப்பு என்னன்னு கேளுங்க. நாப்பத்தேழாம் நம்பர்னு ஒரு பூச்சி. சால்மனுக்கானது. கறுப்பு உடம்பு, வெள்ளிச் சரிகை, கழுத்துல சிவப்பு நூல் ஒரே ஒரு சுத்து. அவசர ஆர்டர். என் தங்கச்சி ஏழாவது நாற்காலி. அவ கட்டின முன்னூறு பூச்சி என் கைக்கு வந்துச்சு. பூதக்கண்ணாடியை வெச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் கழுத்துல ரெண்டு சுத்து. ரெண்டாவது சுத்து முதல் சுத்துக்குக் குறுக்கால போய்ப் பூட்டு மாதிரி உக்காந்திருக்கு. மேஜையில இருந்த எல்லாரும் கேக்கற மாதிரி கேட்டேன், "என்ன இது?"

அவ நிமிர்ந்து கூடப் பாக்கல. "ஒரு சுத்துன்னா நிக்காதுக்கா. மேல இருக்கற வார்னிஷ் தேஞ்சதும் அவுந்துடும். வேணும்னா நகத்தால கீறிப் பாரு. அதையும் கீறு, இதையும் கீறு."

நான் கீறிப் பாக்கல. "சாம்பிள்ல எத்தனை சுத்து?"ன்னுதான் கேட்டேன்.

"ஒண்ணு."

"அப்புறம் என்ன கீறல்?"

மேனேஜர் வந்தார். அவருக்கு எப்பவும் தேன் தடவின வாய். "தங்கச்சிங்கறதால யோசிக்கறீங்களோ?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். என் ரோஷத்துக்கு அது போதும். ரிஜெக்ட் சீட்டை வாங்கினேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். கவனக் குறைவுன்னு எழுதினா ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும். நான் எழுதினேன்: "வேணும்னே சாம்பிளை மீறினது." கீழ என் கையெழுத்து. முன்னூறையும் மூட்டை கட்டி, "எரிச்சுடறேம்மா, இது வெளிய போனா கம்பெனி மானம் போயிடும்"னு மேனேஜர் எடுத்துட்டுப் போனார். மறுநாள் ஏழாவது நாற்காலி காலி. இப்ப அவ ஒரு தையல் கடையில சட்டைக்குப் பட்டன் வெச்சுட்டிருக்கா. அந்தக் கை இருக்கே, இறகை இழை இழையாப் பிரிக்கற கை, அது பட்டன் தைக்குது.

சரி, ஆத்தங்கரைக்கு வரேன்.

எங்களைக் கூட்டிட்டுப் போக ஒரு வழிகாட்டி. இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, நெஞ்சு வரைக்கும் தாடி. தாடிக்காரர்னே பேர் வெச்சுட்டேன். முதல் மூணு நாள் டிரவுட். குட்டி ஓடை, கண்ணாடி மாதிரித் தண்ணி. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் தூண்டிலை வீசி, மரத்துல ரெண்டு தடவை, தன் தொப்பியில ஒரு தடவை மாட்டி, கடைசியில ஒரு சாண் நீளத்துக்கு ஒரு டிரவுட்டைப் பிடிச்சார். புள்ளி புள்ளியா அழகாத்தான் இருந்துச்சு. ஃபோட்டோ எடுத்தாங்க. அப்புறம் தாடிக்காரர் அதைக் குழந்தை மாதிரி ரெண்டு கையால ஏந்தித் தண்ணியில விட்டுட்டார்.

"ஏண்டி, விட்டுட்டான்?"

"அதான் ரூல்மா. பிடிச்சா விட்டுடணும்."

"விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டுல இருந்திருந்தா பிடிக்காமலே விட்டிருக்கலாமே!"

மாப்பிள்ளை இருமினார். நான் மகளைத்தான் கேட்டேன், அவரைக் கேக்கல.

ஆனா எனக்கு எரிச்சல் அது இல்ல. தாடிக்காரரோட பெட்டியைப் பாத்தேன். உள்ள வரிசை வரிசையாப் பூச்சி. அதுல பாதி எங்க மேஜையிலேர்ந்து போனது, பாத்த உடனே தெரியும் எனக்கு. ஒரு மீன் கடிச்சதும் இறகு பிஞ்சு தொங்குது. அவர் பாட்டுக்கு அதைப் பிச்சுக் குப்பைப் பையில போட்டுட்டு அடுத்ததை மாட்டறார். அடுத்தது கோணலா இருந்துச்சு, பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியுது. அதையும் ஒரு மீன் கடிச்சுது. ஒரு மயிரிழை தள்ளியிருக்குன்னு எத்தனை பொம்பளைங்களை மறுபடி கட்ட வெச்சிருக்கேன்! இந்த மீன் எண்ணவும் இல்ல, அளக்கவும் இல்ல, வந்தது, கடிச்சுது, போயிடுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மீனையே நாலு அறை விட்டிருப்பேன்.

நாலாவது நாள் பெரிய ஆறு, சால்மன். ஒண்ணும் கடிக்கல. அஞ்சாவது நாளும் இல்ல. ஆறாவது நாள், அதாவது கடைசி நாள், மாப்பிள்ளை முகம் சுண்டைக்காய் ஆயிடுச்சு. தாடிக்காரர் நாப்பத்தேழாம் நம்பரை எடுத்து மாட்டினார். அதைப் பாத்ததும் எனக்குப் பெருமை. நான் பாஸ் பண்ணினது, ஒரே சுத்து, சாம்பிள் மாதிரியே. மாப்பிள்ளை பத்துப் பன்னிரண்டு தடவை வீசினார். கல்லுல உரசி உரசி வந்துச்சு. தாடிக்காரர் அதை எடுத்து என் மகள்கிட்ட காட்டி என்னமோ சொன்னார். கட்டை விரல் நகத்தால கழுத்துல ஒரு கீறு கீறினார். சிவப்பு நூல் உருவிக்கிட்டு வந்துச்சு. பின்னாடியே சரிகை, அதுக்கப்புறம் இறகு. கையில வெறும் கொக்கி.

"என்ன சொல்றார்?"

மகள் தயங்கினா. "இப்ப வர்றதெல்லாம் இப்படித்தான் இருக்காம். அரை மணி நேரம் தாங்கலையாம். யார் செக் பண்ணி அனுப்பறாங்களோன்னு கேக்கறார்."

என் காது ரெண்டும் சூடாயிடுச்சு. யார் செக் பண்ணினதா? முன்னாடிதானே நிக்கறேன்! ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் பெட்டியோட மூடியைத் திருப்பினார். அங்க தனியா ஒரே ஒரு பூச்சி குத்தி வெச்சிருந்துச்சு, பக்கத்துல அதோட பழைய அட்டையும். "இதுதான் கடைசி ஒண்ணு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. எத்தனை மீன் கடிச்சாலும் அவுறாது. எடுக்க மனசு வரல, ஆனா இன்னைக்குக் கடைசி நாளாச்சே"ன்னு அவர் சொன்னதை மகள் சொன்னா.

கையை நீட்டினேன். என்ன நெனச்சாரோ, கொடுத்தார்.

கறுப்பு உடம்பு. வெள்ளிச் சரிகை. கழுத்துல சிவப்பு நூல் ரெண்டு சுத்து, குறுக்கால பூட்டு. முன்னூறு பூச்சியை எண்ணிப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா? அதுவும் எங்க எல்லாருக்கும் சுத்து வலப் பக்கம் சாயும். இது இடப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. அந்த மேஜையில இடது கைக்காரி ஒருத்திதான்.

"அந்த அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிடி."

"நம்ம கம்பெனி முத்திரைதான்மா இருக்கு. ஸ்பெஷல், முதல் தரம். கழுத்தில் ரெட்டைக் கட்டு, அவிழாதுன்னு போட்டிருக்கு." மூலையில மாசமும் வருஷமும் அச்சடிச்சிருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டதுக்கு அடுத்த மாசம்.

எரிச்சுடறேம்மான்னு சொன்னானே! அந்தப் படுபாவி, தேன் வாய்! தப்புன்னு அவளை வெளிய தள்ளிட்டு, அதே தப்பை ஸ்பெஷல்னு அட்டையில அச்சடிச்சு வித்திருக்கான்! கம்பெனி மானம் போயிடும்னு சொன்ன வாயால!

"இதை மறுபடி கேட்டு எழுதலையா இவர்? கேளுடி!"

கேட்டா. அவர் தோளைக் குலுக்கிக்கிட்டே சொன்னதை மகள் என் முகத்தைப் பாக்காம சொன்னா. "மூணு தடவை எழுதினாராம். கட்டினவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க, இப்ப அப்படிக் கட்ட ஆள் இல்லைன்னு பதில் வந்துச்சாம்."

"விட்டுப் போயிட்டாங்களா? விட்டா போனா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினோம்னு சொல்லு! அவ அழுதுக்கிட்டே தன் இடுக்கியைக் கழட்டி வெச்சுட்டுப் போனான்னு சொல்லு! என் கூடப் பொறந்தவன்னு சொல்லு! அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டவ இதோ உங்க முன்னாடி ஸ்வெட்டரைப் போட்டுட்டு நிக்கறான்னு சொல்லுடி!"

மகள் ஏதோ நாலு வார்த்தை சொன்னா.

"நான் இவ்வளவு பேசினேன், நீ நாலு வார்த்தையில முடிச்சுட்டியா?"

"உன் பழங்கதையெல்லாம் சேத்துச் சொல்ல முடியாதும்மா. முக்கியமானதைச் சொல்லிட்டேன்."

"என்ன முக்கியம்?"

"இதைக் கட்டினது எங்க சித்தின்னு சொன்னேன்."

தாடிக்காரர் தொப்பியைக் கழட்டினார். எதுக்குக் கழட்டினார்னு தெரியல. நான் அந்தப் பூச்சியைத் திருப்பி, என் கட்டை விரல் நகத்தால கழுத்துல கீறினேன். நல்லா அழுத்திக் கீறினேன். வார்னிஷ் எப்பவோ தேஞ்சு போயிருந்துச்சு. நூல் அசையல. இன்னொரு தடவை கீறினேன். அசையல.

ரெண்டு கீறல். இதுக்கு எத்தனை நேரம் ஆயிடுச்சு? அன்னைக்கு என் கையில நகம் இல்லையா?

"அத்தை..." மாப்பிள்ளை மெதுவா வந்தார். "நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. இன்னைக்குக் கடைசி நாள். ஒரே ஒரு வீச்சு. வீசிட்டு உங்ககிட்டயே குடுத்துடறேன்."

நியாயமாப் பாத்தா அந்தப் பூச்சி எனக்கும் சொந்தம் இல்ல, அவருக்கும் சொந்தம் இல்ல. ஆனா மாப்பிள்ளை கேட்டு மாட்டேன்னு சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது. கொடுத்தேன். கொடுத்த அப்புறம்தான் உறைச்சுது. அது ஆத்தோட போயிடுச்சுன்னா என்கிட்ட என்ன இருக்கு? திரும்பிப் போய் அவகிட்ட எதைக் காட்டுவேன்? நான் வாயால சொன்னா அவ நம்புவாளா? என் வாயாலயும் கையெழுத்தாலயும் வேலையை இழந்தவளாச்சே.

மூணாவது வீச்சு. ஒரு வீச்சுன்னு சொன்னார், மூணாவதுல இருக்கார். தண்ணி ஒரு தடவை குமுறிச்சு. கம்பு வில்லு மாதிரி வளைஞ்சுது. நூல் சர்ர்ருன்னு ஓடுது. பாறைகளுக்கு நடுவுல ஒரு ஆள் தொடைப் பருமனுக்கு வெள்ளியா ஒண்ணு எகிறிக் குதிச்சு விழுந்துச்சு.

"சால்மன்! சால்மன்!"னு மகள் கத்தறா.

"மாப்ள! மீன் போனாப் போகட்டும்! பூச்சி போகக் கூடாது!"

"அத்தை, கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? இழுக்காதீங்கய்யா அப்படி! நூல் அறுந்துடும்! விட்டுப் பிடிங்க! கையா அது, உலக்கையா? அறுத்தீங்கன்னா நானே உங்களைத் தண்ணியில எறக்கித் தேட விடுவேன், சொல்லிட்டேன்!"

பொண்ணைக் கொடுத்து ஒம்போது வருஷத்துல மாப்பிள்ளையை நான் நேரா திட்டினது அதுதான் முதல் தடவை. மகள் வாயைப் பொத்திக்கிட்டா. மாப்பிள்ளை திரும்பிக் கூடப் பாக்கல, "சரி அத்தை, சரி அத்தை"ன்னு விட்டுப் பிடிச்சார். எனக்குத் தெரிஞ்சு அரை மணி நேரம். நான் செருப்போட தண்ணியில முழங்கால் வரைக்கும் எறங்கிட்டேன், எப்ப எறங்கினேன்னு ஞாபகம் இல்ல. தாடிக்காரர் வலையை அடியில கொடுத்து ஏந்தினார். மீனோட தாடையில, ஓரமா, கறுப்பா, சிவப்பா, என் தங்கச்சி கட்டினது.

அவர் சின்னக் குறடை வெச்சு அலுங்காம எடுத்தார். மீனைத் தண்ணியில நிமிர்த்திப் பிடிச்சார். அது ஒரு வாலடி அடிச்சு என் முகத்துல தண்ணியைத் தெளிச்சுட்டுப் போச்சு. இந்தத் தடவை ஏன் விட்டார்னு நான் கேக்கல.

இறகு ரெண்டு இடத்துல பிஞ்சிருந்துச்சு. சரிகையில பல்லுத் தடம். கழுத்து அப்படியே இருந்துச்சு. தாடிக்காரர் அதைத் துடைச்சு என் உள்ளங்கையில வெச்சார், அட்டையையும் கொடுத்தார். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக் கட்டினவங்க பேர் என்னன்னு கேட்டார். சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கிட்டார். இருபத்திரண்டு வருஷத்துல எங்க மேஜையில ஒருத்தி பேரை யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

"உன் சித்திக்கு ஃபோன் போடு. குசுகுசுன்னு பேசுவீங்களே, அந்த நம்பருக்கு."

மகள் போட்டா. "சித்தி, அம்மா பேசணுமாம்"னு சொல்லி என் கையில கொடுத்துட்டா. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடற சத்தம். அப்புறம் அது நின்னுச்சு.

நான் விடல. ஒரே மூச்சுல கொட்டினேன். "அந்தப் பாவி எரிக்கலைடி! வித்திருக்கான்! ஸ்பெஷல்னு போட்டு வித்திருக்கான்! உன்னை வேலையை விட்டுப் போயிட்டான்னு எழுதியிருக்கான்! அவனை நான் சும்மா விடப் போறதில்ல, அவன் மூஞ்சிக்கு நேரா..."

நான் மூச்சு வாங்கினப்பதான் அவ கேட்டா.

"கீறிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"இப்பதான். ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவுந்துச்சா?"

"அவுறலைடி."

அப்புறம் சொன்னா, கோவமாக் கூடச் சொல்லல. "அவன் பொய் சொன்னான், வித்தான். சரி. அவன் யாரோ ஒருத்தன். நீ யாரு?"

நாள் பூரா கத்தினவ நான். ஃபோனை இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"எல்லார் முன்னாடியும்தானே கேட்டே, என்ன இதுன்னு? பதிலையும் எல்லார் முன்னாடியும் சொல்லு. ஃபோன்ல வேணாம்." வெச்சுட்டா.

மாப்பிள்ளை ஃபோட்டோவைக் காட்ட வந்தார். என் முகத்தைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டார். பாவம், அவரைத் திட்டினதுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு நெனச்சேன், வரல. ஊருக்கு வந்து சேர்ற வரைக்கும் நான் யாரையும் திட்டல. மகள் ரெண்டு தடவை நெத்தியைத் தொட்டுப் பாத்தா, ஜுரமான்னு.

திங்கக்கிழமை காலையில நாலு தெரு தாண்டிப் போய் அவ வாசல்ல நின்னேன். "கெளம்பு"ன்னு சொன்னேன். அவ என்னைப் பாக்கல, ஆனா செருப்பை மாட்டினா. வழி நெடுக ரெண்டடி பின்னாலயே வந்தா. கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் மறிச்சார். "என்கூட வந்திருக்கா"ன்னு சொன்னேன். செக்கரம்மா சொன்னா அவர் என்ன பண்ணுவார்? விட்டார். அவ உள்ளே வராம கூடத்து வாசப்படியிலயே நின்னுட்டா.

முப்பத்திரண்டு இடுக்கியும் நின்னுச்சு. தலைமாட்டுல போய் நின்னேன். பூதக்கண்ணாடியை எடுத்துக் கவுத்து வெச்சேன்.

"இந்த வாரம் பாஸ் ஆன நாப்பத்தேழு ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டையும் கை மாத்துங்க. ஒவ்வொருத்தியும் நகத்தால கீறிப் பாருங்க."

நான் பாஸ் பண்ணினது நாலாவது நாற்காலியிலயே அவுந்து போச்சு. மத்தது போய்ட்டே இருந்துச்சு. கீறினாங்க, பாத்தாங்க, சுத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாங்க, ஒவ்வொருத்தியா வாசப்படியைத் திரும்பிப் பாத்தாங்க. முப்பத்திரண்டு பேர் கீறியும் நூல் அசையல.

"நான் வேணும்னே சாம்பிளை மீறினதுன்னு எழுதினேன்"னு சொன்னேன். "அது பொய். அவ கீறிப் பாருன்னு சொன்னா. நான் பாக்கல. தங்கச்சின்னு விட்டுட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு, தங்கச்சியையே விட்டுட்டேன். தப்பு அவ பூச்சியில இல்ல, என் கையெழுத்துல இருக்கு."

மேனேஜர் வந்துட்டார். தேன் வாய். "என்னம்மா இது, வேலை நேரத்துல கூட்டம்? வெளியாளை எல்லாம் உள்ள விட்டிருக்கீங்க? உங்க நாற்காலி உங்களுக்கு வேணுமா, வேணாமா?" அப்புறம் என் கையில இருந்ததைப் பாத்தார். முகம் மாறுச்சு. "இது எங்கேர்ந்து கெடச்சுது?"

"நீங்க எரிச்ச சாம்பல்லேர்ந்து சார்." அட்டையை மேஜை மேல வெச்சேன், தேதி தெரியற மாதிரி. பூச்சியை அவர் முன்னாடி நீட்டினேன். "நீங்களும் கீறிப் பாருங்க."

அவர் ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டார். என் நாற்காலி அன்னைக்கே போயிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. நீட்டின கையை நான் மடக்கல.

வாசப்படியிலேர்ந்து அவ நடந்து வந்தா. மேனேஜரைத் தாண்டி வந்தா, அவரைப் பாக்கக் கூட இல்ல. என் உள்ளங்கையிலேர்ந்து இடது கையால அதை எடுத்தா. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பாத்தா. பிஞ்ச இறகை நீவினா. சரிகையில இருந்த பல்லுத் தடத்தை விரலால தடவினா. மீன் கடிச்ச பூச்சியை அந்த மேஜையில ஒருத்தியும் அது வரைக்கும் பாத்ததில்ல, அவளும் பாத்ததில்ல.

"நல்லாக் கடிச்சிருக்குக்கா"ன்னு சொன்னா.